வெள்ளைத் தாளில் வந்த அணை

அந்த வானொலி நிலையத்தின் செய்திப் பிரிவில் யாருக்கும் பெயர் கிடையாது. சம்பளப் பட்டியலில் இருக்கலாம், புழக்கத்தில் இல்லை. தேசியச் செய்தி எழுதுகிறவர் தேசம். வெளிநாட்டுச் செய்தி எழுதுகிறவர் உலகம். பந்து சம்பந்தப்பட்டதையெல்லாம் எழுதுகிறவர் விளையாட்டு. "தேசத்துக்குப் பல் வலியாம், உலகம் பஸ்ஸைத் தவற விட்டுடுச்சாம், விளையாட்டு மட்டும் எட்டு மணிக்கே வந்து உக்காந்திருக்கு" என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்து யாராவது சொல்வார்கள். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். அது நகைச்சுவை இல்லை, தகவல்.

நமக்கு வேண்டியவன் சினிமா. வயது இருபத்தாறு. மதியம் ஒரு மணிச் செய்தி மொத்தம் பத்து நிமிடம். முதல் நான்கு நிமிடம் தேசம், அடுத்த மூன்று உலகம், அதற்கடுத்த இரண்டு விளையாட்டு. எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சுகிற கடைசி ஒரு நிமிடத்தில் யார் படத்தில் யார் நடிக்கிறார், யாருக்கு யாரோடு கல்யாணம், யாருக்கு யாரோடு இனிமேல் கல்யாணம் இல்லை என்பதையெல்லாம் அவன் எழுதிக் கொடுப்பான். ஒருமணியம்மா படிப்பார்.

ஒருமணியம்மா செய்தி வாசிப்பாளர். இருபத்திரண்டு வருடமாக ஒரு மணிச் செய்தி அவர் குரலில்தான். கடிகாரம் நின்றுபோன வீடுகளில் அந்தக் குரலைக் கேட்டு முள்ளைத் திருப்பி வைப்பார்கள். இத்தனை வருடத்தில் அவர் ஒரு முறைகூட "திருத்திக்கொள்கிறோம்" என்று சொன்னதில்லை. தும்மியதுகூட இல்லை என்பார்கள். அது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம்.

சினிமாவின் குறை ஒன்றே ஒன்றுதான். அவன் எழுதியதை யாரும் கேட்பதில்லை. விளையாட்டு முடிந்த கையோடு ஊரில் பாதி வீடுகள் ரேடியோவை நிறுத்திவிடும். மீதிப் பாதி, நிறுத்த எழுந்திருக்கச் சோம்பல்பட்டுக் கேட்கும். கூடப் பிறந்த அக்காவே கேட்டதில்லை. அக்கா ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணிச் செய்தியை எல்லா வகுப்புக்கும் ஒலிபெருக்கியில் போடுவார்கள், பொது அறிவு வளரட்டும் என்று.

"மூணு வருஷமா எழுதறேன்க்கா. ஒரு நாளாவது கேட்டியா?"

"எங்க ஹெட்மாஸ்டர் உலகம் வரைக்கும்தான்டா விடுவாரு. ஸ்போர்ட்ஸ் வந்தா பசங்க கத்துவாங்க, சினிமா வந்தா டீச்சருங்க கத்துவோம்னு டக்குனு ஆஃப் பண்ணிடுவாரு."

"அப்ப நான் எழுதறது யாருக்கு?"

"அதை உங்க ஆபீஸ்ல கேளு. என்னைக் கேட்டா?"

இந்தப் பேச்சு நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காலை சினிமா ஒரு முடிவோடு அலுவலகம் வந்தான். இன்றைக்கு எழுதப்போவதைக் கேட்டு ஒருத்தராவது கையில் எடுத்த கவளத்தைக் கீழே வைக்க வேண்டும்.

பொருள் கையிலேயே இருந்தது. பக்கத்து ஊர்ப் படப்பிடிப்புத் தளத்தில், ஊர் ஆற்றின் நிஜ அணையைப் போலவே அட்டையாலும் சுண்ணாம்பாலும் ஓர் அணை கட்டி, அன்று பிற்பகல் அதை உடைத்துப் படம் பிடிக்கப் போகிறார்கள். மற்ற நாளாக இருந்தால் "பிரம்மாண்டமான அரங்கம்" என்று தொடங்கி "ரசிகர்கள் எதிர்பார்ப்பு" என்று முடித்திருப்பான். அன்று இப்படித் தொடங்கினான்:

"ஆற்றின் குறுக்கே நிற்கும் பெரிய அணை இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு உடைகிறது. சுவரில் விரிசல் விழுந்திருப்பதை மூன்று மாதமாகச் சொல்லிவந்த பொறியாளரின் பேச்சை அதிகாரிகள் எவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கரையோரப் பகுதிகள் பதினைந்து நிமிடத்தில் மூழ்கும். நகர மேயர் குடும்பத்தோடு காலையிலேயே ஊரை விட்டு வெளியேறிவிட்டார்."

இதோடு முதல் பக்கத்தை நிறுத்தினான். கீழே நான்கு விரற்கடை இடம் இருந்தும் நிறுத்தினான். "பதற வேண்டாம் நேயர்களே, உடையப்போவது அட்டை அணை" என்பது இரண்டாம் பக்கத்தில். ஒருமணியம்மா தாளைத் திருப்புகிற அந்த ஒரு நொடி ஊரே மூச்சைப் பிடித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டான். கணக்கில் பிழை இல்லை. தாளில்தான் பிழை.

அந்த நிலையத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறத் தாள். தேசத்துக்கு வெள்ளை, உலகத்துக்கு நீலம், விளையாட்டுக்குப் பச்சை, சினிமாவுக்கு இளஞ்சிவப்பு. வாசிப்பறையில் ஒருமணியம்மா தலைப்பைத் தேட வேண்டியதில்லை. நிறத்தைப் பார்த்தே குரலை மாற்றிக்கொள்வார். இளஞ்சிவப்புத் தாள் தீர்ந்து மூன்று வாரம் ஆகிறது. தாள் கேட்டு விண்ணப்பம் போட்டால், அந்தந்தப் பிரிவின் விண்ணப்பம் அந்தந்தப் பிரிவின் தாளில்தான் வர வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதுவரை பழைய தாள்களின் பின்பக்கத்தில் எழுதி ஓட்டினான். அன்று அதுவும் தீர்ந்து போனதால் வெள்ளைத் தாளில் அச்சடித்து, மேல் மூலையில் பென்சிலால் "சினிமா" என்று எழுதி, பொதுத் தட்டில் வைத்துவிட்டு வந்தான்.

பன்னிரண்டே முக்காலுக்குத் தேசம் வந்தார். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. தட்டில் இருந்த வெள்ளைத் தாள்களை அள்ளினார். தேசியச் செய்தி ஒவ்வொன்றும் ஒரு பக்கம்தான் படிக்கப்படும்; இரண்டாம் பக்கம் இருந்தால் அது மாலைச் செய்திக்கான விவரம், உருவிக் கோப்பில் போட வேண்டும். முப்பது வருடப் பழக்கம். கை தானாக உருவியது, தானாகக் கோப்பில் போட்டது, மேல் மூலையில் தானாக வரிசை எண் முத்திரையைக் குத்தியது. பென்சில் எழுத்து முத்திரைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. தேசம் பல்லைப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் போனார்.

மணி ஒன்று.

சினிமா தன் மேசையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சுவர் ஒலிபெருக்கியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் முறை வர ஒன்பது நிமிடம் இருந்தது. முதலில் பாராளுமன்றம். இரண்டாவது மின்கட்டணம். மூன்றாவதாக, தேசத்துக்கென்று வைத்திருக்கும் அந்தக் கனத்த குரலில், ஒருமணியம்மா படித்தார்: "ஆற்றின் குறுக்கே நிற்கும் பெரிய அணை இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு உடைகிறது."

முதல் இரண்டு நொடி அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நம் எழுத்துக்கு இந்தக் குரல் எவ்வளவு பொருத்தம் என்று தோன்றியது. மூன்றாவது நொடியில் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று மூன்று. கையில் எடுத்த கவளத்தைக் கீழே வைத்தான்.

"…நகர மேயர் குடும்பத்தோடு காலையிலேயே ஊரை விட்டு வெளியேறிவிட்டார்," என்றார் ஒருமணியம்மா. தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது. சினிமா எழுந்து நின்றுவிட்டான்.

"உலகச் செய்திகள்," என்றார் ஒருமணியம்மா.

செய்தி அறையில் இருந்த ஆறு தொலைபேசிகளில் முதலாவது அடித்தது. பிறகு மூன்றாவது. பிறகு எல்லாம். அவன் சட்டைப் பையிலும் அடித்தது. அக்கா.

"டேய், அணை உடையப் போகுதா?"

"இல்லக்கா. அது சினிமா. நான் எழுதினது தாள் மாறிப் போயிடுச்சு. அட்டை அணை. ஒண்ணும் ஆகாது, நீ பிள்ளைங்களைப் பாத்துக்கோ."

"நிஜமாத்தானே சொல்றே?"

"உன் மேல சத்தியமா."

அக்கா போனை வாயிலிருந்து விலக்கி யாரிடமோ சொல்வது கேட்டது. "சார், என் தம்பி அங்கதான் வேலை பாக்கறான். அது தப்பான செய்தியாம் சார். மணியை அடிக்காதீங்க."

ஓர் ஆண் குரல், பொறுமையாக: "டீச்சர், உங்க தம்பி என்ன எழுதறாருன்னு சொன்னீங்க போன தடவை?"

"சினிமா, சார்."

"நான் நானூத்தி முப்பது பிள்ளைங்களுக்குப் பொறுப்பு. ரேடியோல அந்தம்மா சொல்றாங்க. சினிமா எழுதற ஒருத்தர் போன்ல இல்லைங்கறாரு. நான் யாரை நம்பணும்? நீங்களே சொல்லுங்க."

ஹெட்மாஸ்டரைக் குறை சொல்ல வழியில்லை. அவர் இடத்தில் சினிமா இருந்தாலும் சினிமாவை நம்பியிருக்க மாட்டான்.

அந்தப் பள்ளிக்கூடம் அவனுக்குத் தெரியும். மூன்று மாடி, புழங்குவது ஒரே படிக்கட்டு. இன்னொரு படிக்கட்டு உடைந்த பெஞ்சுகளைப் போட்டு அடைத்துக் கிடக்கிறது. கீழே தலைமையாசிரியர் அறை, அதன் வாசலில் மின்மணி. அதை அடித்தால் நானூற்று முப்பது பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். இறங்கி மேட்டுப் பக்கம் போக வேண்டுமென்றால் நடைபாலத்தைத் தாண்ட வேண்டும். இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நிற்கிற பாலம். வெள்ளத்துக்குப் பயந்து ஆற்றின் மேலேயே ஓட வேண்டும்.

"அக்கா, மணியை அடிக்க விடாதே. எப்படியாவது. நான் ரேடியோலயே சொல்ல வைக்கறேன்."

"எப்படா?"

கடிகாரம் ஒன்று நான்கு தாண்டியிருந்தது. "இந்தச் செய்திக்குள்ள."

"போனை வைக்காதே," என்றாள் அக்கா. "நான் மணி மேல கையை வெச்சுட்டு நிக்கறேன். அவரு பெரிய மனுஷன், என் கையைத் தொட மாட்டாரு. ஆனா பசங்க தானா இறங்க ஆரம்பிச்சாச்சு. அஞ்சாம் வகுப்பு படியில நிக்குது."

செய்திப் பிரிவின் தலைவருக்குப் பெயர் பார்க்கலாம். எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் ஒரே சொல் அது, நல்ல மனுஷர். சினிமா அவர் அறைக்குள் ஓடியபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேசையில் இருந்த தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. சாப்பிடும்போது எடுப்பதில்லை என்பது அவர் வழக்கம்.

"சார், அணைச் செய்தி தப்பு. சினிமாத் தாள். உடனே நிறுத்திச் சொல்லணும்."

பார்க்கலாம் மென்றதை விழுங்கினார். "திருத்தம்னா புத்தகத்துல பதியணும். காரணம் எழுதணும். காரணமானவர் கையெழுத்துப் போடணும். நான் போடணும். அப்புறம் அடுத்த செய்தியில படிக்கலாம்."

"அடுத்த செய்தி ரெண்டு மணிக்கு சார். அணை உடையற நேரமே ரெண்டு மணி."

"அதான் உடையாதே."

"உடையாதுன்னு நமக்குத் தெரியும் சார். ஊருக்குத் தெரியாது."

பார்க்கலாம் இதை யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது. "இப்படிச் செய்வோம். முதல்ல தேசத்தைக் கூப்பிட்டு என்ன நடந்ததுன்னு…"

"அவர் பல் பிடுங்கிட்டிருக்காரு சார். பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க படியில நிக்குது."

"பதறாதே. பார்க்கலாம்," என்றார் பார்க்கலாம். சினிமா அதற்குள் வெளியே இருந்தான்.

வாசிப்பறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எரியும்போது கதவு உள்ளிருந்து தாழ். பக்கத்துச் சிற்றறையில் பெரிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிபரப்பைக் கவனிக்கும் பொத்தான் அண்ணன் உட்கார்ந்திருந்தார், பொத்தான்களுக்கு நடுவே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருமணியம்மா, முதுகு நேராக, நீலத் தாளில் எங்கோ ஒரு நாட்டின் தேர்தல் முடிவைப் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அம்மா குரலை நிறுத்துங்க. நீங்களே மைக்ல சொல்லிடுங்க, அணை உடையலன்னு."

"என் பக்கம் மைக் ஏது?" என்றார் பொத்தான் அண்ணன். "நிறுத்தலாம். நிறுத்தினா என்ன ஆகும் தெரியுமா? குரல் நின்னா மிஷின் தானா ஒரு பாட்டைப் போடும். எந்தப் பாட்டுன்னு ஞாபகம் இருக்கா?"

சினிமாவுக்கு இருந்தது. அது தலைவர்கள் இறந்தால் போடும் புல்லாங்குழல். அணை உடைகிறது என்று சொன்ன அதே செய்தியறிக்கையின் பாதியில் குரல் நின்று அந்தப் புல்லாங்குழல் வந்தால், பள்ளிக்கூடத்தில் மணி அடிக்க வேண்டிய தேவையே இருக்காது.

"காதுல மாட்டியிருக்காங்களே, அதுல பேசுங்க."

"அவங்க காதுல மாட்டறது நாம பேசறதைக் கேக்கறதுக்கு இல்ல தம்பி. கேக்காம இருக்கறதுக்கு. வயரையே பிடுங்கி வெச்சிருக்காங்க, பத்து வருஷமா. படிக்கறப்போ கண்ணாடியைத் தட்டினாலும் நிமிர மாட்டாங்க."

காதில் அக்கா. "டேய், என்னடா ஆச்சு? மூணாம் வகுப்பும் வந்துடுச்சு. பின்னாடி நின்னு தள்றாங்க."

"ரெண்டு நிமிஷம்க்கா."

"டீச்சர், கையை எடுங்க," என்றார் ஹெட்மாஸ்டர். "நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உங்க கையை யாரும் கேக்க மாட்டாங்க. என் தலையைத்தான் கேப்பாங்க."

"ரெண்டு நிமிஷம் சார்," என்றாள் அக்கா. அழுகிற குரல் இல்லை. ஒன்றாம் வகுப்பிடம் பேசுகிற குரல்.

ஒன்று ஆறு. அப்போதுதான் விளையாட்டு உள்ளே வந்தார், ஒரு காதில் கையடக்க ரேடியோவும் ஒரு கையில் பச்சைத் துண்டுச் சீட்டுமாக. அன்று கால்பந்து இறுதி ஆட்டம். செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே வாசிப்பறைக்குள் ஏதாவது போக முடியுமென்றால் அது ஆட்டத்தின் கோல் கணக்கு மட்டும்தான். கண்ணாடிக்குக் கீழே தபால்பெட்டி வாய் மாதிரி ஒரு சந்து. அதன் வழியாகப் பச்சைச் சீட்டு போகும், ஒருமணியம்மா இடது கையால் எடுத்துக்கொள்வார். ஒரு செய்திக்கு ஒரு சீட்டு. ஒரு முறை விளையாட்டு ஐந்து கோலுக்கு ஐந்து சீட்டு அனுப்பியதிலிருந்து அப்படி.

சினிமா அந்தச் சீட்டைப் பார்த்தான். விளையாட்டு சீட்டை மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"தெரியும். வெளிய போன் கத்தறதைக் கேட்டேன். ஆனா இன்னும் மூணு நிமிஷம்தான்டா இருக்கு ஆட்டம் முடிய. பதினோரு வருஷம் கழிச்சு ஜெயிக்கப் போறோம். கடைசிக் கணக்கைத்தான் அனுப்பணும்னு கையில பிடிச்சுட்டு நிக்கறேன்."

"அண்ணே, என் அக்கா பள்ளிக்கூடம்."

விளையாட்டு காதிலிருந்து ரேடியோவை எடுத்தார். அரை நொடி அதைப் பார்த்தார். பிறகு சீட்டை நீட்டினார். "மேல கோல் கணக்கை எழுதிக்கோ. ரெண்டுக்கு ஒண்ணு. கணக்கு இல்லாத பச்சைச் சீட்டை அவங்க தொடக்கூட மாட்டாங்க. கீழ என்ன வேணா எழுது. தெளிவா எழுது, உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்."

சினிமா கண்ணாடி மேல் தாளை வைத்து எழுதினான். மூன்று வருடத்தில் முதல் முறையாக ஓர் அலங்காரமும் இல்லாமல் எழுதினான்.

"நம் அணி 2, எதிரணி 1. ஆட்டம் தொடர்கிறது.

அம்மா, அணை உடையவில்லை. நீங்கள் மூன்றாவதாகப் படித்தது சினிமாக் கதை. ஆற்றங்கரைப் பள்ளியில் பிள்ளைகள் படிக்கட்டில் நெருக்குகிறார்கள். ரேடியோ சொன்னால்தான் நம்புவார்கள். தவறு என்னுடையது. சினிமா."

சந்தில் போட்டான். சீட்டு உள்ளே மேசை ஓரத்தில் விழுந்தது. ஒருமணியம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, இப்ப சொல்வாங்க. ஸ்போர்ட்ஸ் நேரத்துல சொல்வாங்க."

"ஸ்போர்ட்ஸா? ஸ்போர்ட்ஸ் வந்தா ஆஃப் பண்ணிடுவாரேடா."

சுவர் ஒலிபெருக்கியில் விளையாட்டுச் செய்திக்கான முரசு ஒலித்தது. அதே முரசு போனுக்குள்ளும், அரை நொடி பிந்தி. நானூற்று முப்பது பிள்ளைகள் ஆளுக்கொரு கேள்வி கேட்டால் எழும் இரைச்சலுக்கு நடுவே, செருப்புச் சத்தம். ஹெட்மாஸ்டர் வழக்கப்படி ரேடியோவை நோக்கி நடக்கிறார்.

"சார், நில்லுங்க," என்றாள் அக்கா. ஏதோ இழுபடும் சத்தம். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, போனில்: "ஒரு கை மணி மேல, ஒரு கை ரேடியோ மேல. உன்னைத் தோள்ல இடுக்கியிருக்கேன். மூணாவது கை எனக்கு இல்ல. சீக்கிரம் சொல்லச் சொல்லு."

"என்ன டீச்சர் இது," என்றார் ஹெட்மாஸ்டர். கோபமில்லை, ஆச்சரியம்.

கண்ணாடிக்கு அப்பால் ஒருமணியம்மா பச்சைத் தாளில் இருந்த இரண்டு செய்திகளை முடித்துவிட்டு, இடது கையால் சீட்டை எடுத்தார். "சற்று முன் கிடைத்த தகவல். கால்பந்து இறுதி ஆட்டத்தில் நம் அணி இரண்டு கோல், எதிரணி ஒரு கோல். ஆட்டம் தொடர்கிறது."

அதோடு நின்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் குரல் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இத்தனை நேரம் எடுத்ததில்லை. பொத்தான் அண்ணன் நாற்காலியின் முனைக்கு வந்தார். எட்டு நொடி மௌனம் என்றால் மிஷின் புல்லாங்குழலைப் போட்டுவிடும். அவர் விரல்விட்டு எண்ணினார். மூன்று. நான்கு. ஒருமணியம்மா கண்ணாடி வழியாக நிமிர்ந்து பார்த்தார். சினிமா கையெடுத்துக் கும்பிட்டான். போன் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவே இருந்தது. ஐந்து. போனுக்குள் படிக்கட்டுப் பக்கமிருந்து ஒரு குழந்தையின் அலறல் கேட்டது, கீழே விழுகிறவர்கள் அலறுகிற மாதிரி. ஆறு.

"நேயர்களே," என்றார் ஒருமணியம்மா, தேசத்துக்கு வைத்திருக்கும் குரலில். "தேசியச் செய்திகளில் மூன்றாவதாக நான் படித்தது செய்தி அல்ல. ஒரு திரைப்படத்தின் கதை. அணை நலமாக இருக்கிறது. யாரும் எங்கும் ஓட வேண்டாம். பள்ளிக்கூடங்களில் படிக்கட்டில் நிற்கிற பிள்ளைகள் நிற்கிற படியிலேயே உட்காருங்கள். பின்னால் நிற்பவர்கள் தள்ளாதீர்கள். உட்காருங்கள். நான் மீண்டும் சொல்கிறேன்."

மீண்டும் சொன்னார். மூன்றாவது முறையும் சொன்னார். சினிமாவுக்கு ஒதுக்கிய நிமிடம் முழுவதும் அதையே சொன்னார். கையில் எழுதிவைத்த தாள் எதுவும் இல்லாமல்.

போனில் இரைச்சல் ஒரு கட்டிடம் மூச்சு விடுவது மாதிரி இறங்கியது. "உட்காருங்கப்பா, எல்லாரும் உட்காருங்க. அம்மா சொல்லிட்டாங்க இல்ல," என்று ஹெட்மாஸ்டர் படிக்கட்டைப் பார்த்துச் சொல்வது கேட்டது. அந்தக் குரல்தான் இப்போது நடுங்கியது.

"அக்கா? அக்கா, கேக்குதா?"

"அப்புறம் பேசறேன்," என்றாள் அக்கா. போன் நின்றது.

ஒன்று பத்துக்குச் சிவப்பு விளக்கு அவிந்தது. ஒருமணியம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தார். வெளியே எங்கோ தெருவில் வெடிச் சத்தமும் கூச்சலும் கேட்டது.

"மூணுக்கு ஒண்ணு," என்றார் விளையாட்டு மெல்ல, ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு. "ஜெயிச்சுட்டோம்."

"அப்ப கோல் கணக்கும் தப்பு," என்றார் ஒருமணியம்மா. "ஒரே நாள்ல ரெண்டு." சினிமாவைப் பார்த்தார். பிறகு தன் கைப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

பார்க்கலாம் கையைக் கழுவிவிட்டுத் திருத்தப் புத்தகத்தோடு வந்தார். அதற்குள் எழுதியே வைத்திருந்தார்; வேண்டும்போது அவருக்கும் வேகம் வரும். காரணம் என்ற கட்டத்தில் "இளஞ்சிவப்புத் தாள் தட்டுப்பாடு" என்று இருந்தது. காரணமானவர் என்ற கட்டத்தில் "பொருள் வழங்கும் பிரிவு."

"நீ சாட்சிக் கையெழுத்து மட்டும் போடு. அவங்களுக்கு ஒரு விளக்கக் கடிதம் போகும், அவங்க நமக்கு ஒரு விளக்கக் கடிதம் போடுவாங்க. ஒரு வருஷம் ஓடிடும். உனக்கு ஒண்ணும் வராது."

சொன்னது அத்தனையும் உண்மை. தாள் இல்லைதான். விண்ணப்பம் திரும்பி வந்ததுதான். சினிமா பேனாவை வாங்கினான். அப்போது போன் அடித்தது.

"எல்லாரும் நல்லா இருக்காங்க," என்றாள் அக்கா. "ஒரே ஒரு பொண்ணுதான். மூணாம் வகுப்பு. பின்னாடி இருந்து தள்ளினதுல நாலு படி உருண்டுட்டா. கை முறிஞ்சிருக்கு. நான்தான் தூக்கிட்டு வந்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "டேய். அந்த அணைச் செய்தி, நீ எழுதினதுன்னு சொன்னியே. அந்த மேயர் குடும்பத்தோட ஓடிட்டாருன்னு வந்ததே, அதுவும் நீதானா?"

"ஆமாம்க்கா."

"பதினஞ்சு நிமிஷத்துல மூழ்கும்னு?"

"ஆமா."

"இங்க எல்லாரும் தாள் மாறிப் போச்சாம், தாள் மாறிப் போச்சாம்னு சொல்றாங்க. நானும் அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன், பொண்ணோட அம்மாகிட்ட. எந்த ஆஸ்பத்திரின்னு அனுப்பறேன். வந்து நீ சொல்லு."

சினிமா பேனாவைப் பார்க்கலாமிடம் திருப்பிக் கொடுத்தான். "ரெண்டு மணிச் செய்திக்கு யாருடா எழுதறது?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. பார்க்கலாம் சார் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

மருத்துவமனையில் எலும்புப் பிரிவின் வெளியே நீள பெஞ்சு. அக்கா ஒரு கோடியில் நின்றிருந்தாள், புடவையில் சுண்ணாம்பும் தூசியும், இரண்டு உள்ளங்கையும் சிவந்து. அவனைப் பார்த்துத் தலையை மட்டும் பெஞ்சுப் பக்கம் அசைத்தாள். கட்டுப் போட்ட கையோடு எட்டு வயதுப் பெண் ஒருத்தி, அழுது முடித்த முகத்தோடு, அம்மாவின் மடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா துணி தேய்க்கிற கடையில் வேலை பார்க்கிறவள். சட்டைகளில் குத்துகிற எண் துண்டுகள் இரண்டு இன்னும் அவள் முந்தானையில் குத்தியிருந்தன. கரையோரக் கடை. அவளும் ரேடியோ கேட்டிருக்கிறாள். இஸ்திரிப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்திசையில் ஓடிவந்த கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடியிருக்கிறாள்.

சினிமா எதிரே போய் நின்றான். பஸ்ஸில் வரும்போது நான்கு விதமாகத் தொடக்கம் தயார் செய்திருந்தான். நான்கும் நல்ல தொடக்கங்கள்.

"நான் ரேடியோவுல வேலை பாக்கறேன்," என்றான். "அந்தச் செய்தியை எழுதினது நான்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். "தாள் மாறிடுச்சுன்னு டீச்சர் சொன்னாங்க."

"தாள் மாறினது பாதிதான். படிக்கறப்போ எல்லாரும் பயப்படணும்னு நான் வேணும்னேதான் அப்படி எழுதினேன். முதல் பக்கத்துல பயமுறுத்திட்டு, ரெண்டாம் பக்கத்துல விளையாட்டுக்குன்னு சொல்லலாம்னு."

"எதுக்கு?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். மகள் தூக்கத்தில் முனகினாள். அம்மா கட்டுப் போட்ட கையை நகர்த்தி மடியில் சரியாக வைத்தாள்.

"நான் எழுதறதை யாராவது கேக்கணும்னு," என்றான் சினிமா.

"கேட்டோம்," என்றாள் அவள்.